ஊற்றுக்கு முன்னால் சொன்ன சொல்

தெஜித்தின் வாயிலிருந்து முதல் கேள்விக்கே "கஷ்டம்" என்ற வார்த்தையை வாங்கினவர்கள் எங்கள் மலைப்பள்ளத்தில் யாரும் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலம் வந்ததே, பனி கல்லாக இறுகிப் புல்லை மூடிக்கொண்ட அந்த வருஷம், தெஜித்தும் அவள் புருஷன் லொச்சினும் வைத்திருந்த நானூறு ஆடுகளில் எழுபத்து மூன்றுதான் மிஞ்சியது. செத்ததை எல்லாம் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே விறகு மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். அப்போது வழியோடு போன ஒருவர் குதிரையிலிருந்து இறங்கி, குளிர்காலம் நல்லபடியாகக் கழிந்ததா என்று கேட்டார். "நல்லா கழிஞ்சுது, உங்களுக்கு?" என்றாள் தெஜித். அடுக்கி வைத்த ஆடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னாள்.

இதைப் பொய் என்று சொல்கிறவன் எங்கள் ஊர்க்காரனாக இருக்க மாட்டான். வாசலில் கேட்கிற கேள்விக்கு நல்ல பதில்தான் சொல்ல வேண்டும். வந்தவர் உள்ளே வந்து, உட்கார்ந்து, உப்புப் போட்ட பால் டீ ஒரு கிண்ணம் குடித்து, இரண்டாவது கிண்ணமும் பாதி ஆன பிறகு, அடுப்பைப் பார்த்தபடி, "என்னத்தச் சொல்றது" என்று வீட்டுக்காரரிடமிருந்து ஒரு பெருமூச்சு வரும். அதற்குப் பிறகு வருவதுதான் நிஜம். கேட்டவரும் அதற்காகத்தான் காத்திருப்பார். அன்றைக்கும் அந்த மனிதர் மூன்று கிண்ணம் குடித்தார், தெஜித் அழுது தீர்த்தாள், அவர் போகும்போது தன் மந்தையிலிருந்து நாலு ஆடு அனுப்புவதாகச் சொல்லிப் போனார், அனுப்பவும் செய்தார்.

மனிதர்களிடமே இப்படி என்றால் தண்ணீரிடம் கேட்கவே வேண்டாம். எங்கள் பள்ளத்தில் விழுந்த தண்ணீர் எங்கும் போகாது. கடலுக்கு வழி கிடையாது. வடக்கே பனிமலை, தெற்கே மொட்டை மலை, நடுவில் இரண்டு நாள் குதிரைப் பயணத்துக்குச் சரளைக்கல்லும் முள்புதரும். பனி உருகி வருகிற ஒரே ஆறு பாதி வழியிலேயே சரளைக்குள் புகுந்து காணாமல் போய்விடும். நல்ல வருஷம் என்றால் ஏரி வரைக்கும் வரும். ஏரியும் அப்படித்தான். என் காலத்திலேயே இரண்டு தடவை முழுக்க வற்றி, உப்பு பறந்து கண்ணை எரித்து, மறுபடி நிறைந்து, வாத்துகள் வந்து இறங்கின. சரளைக்குள் போன தண்ணீர் அடியிலேயே நடந்து வந்து, சரளை முடிந்து களிமண் தொடங்குகிற இடத்தில் கண் திறக்கும். அதுதான் ஊற்று. அப்படிப்பட்ட ஊற்றில் யாரும் கை கழுவ மாட்டார்கள். பால் வாளியை முக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்று அதைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டார்கள். அதற்குக் காது உண்டு. கோபித்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொள்ளும். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அவர்கள் வீட்டில் குழாய் இருக்கும்.

தெஜித் பிறந்ததே குளிர் ஊற்று என்கிற அப்படி ஒரு ஊற்றுக்குப் பக்கத்தில்தான். அவளைக் கட்டிக்கொண்ட லொச்சின் ஏரிக்கு அந்தப் பக்கத்துக்காரன். நல்லவன், ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டால் மூக்குப்பொடிக் குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு இழுப்பு இழுத்து, மூடியைத் திருகி, குப்பியை மடியில் வைத்த பிறகுதான் பதில் வரும். அவனிடம் வழி கேட்டால் அவன் சொல்வதற்குள் நாமே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பக்கத்துக் கூடாரத்து கொம்போ கேலி பண்ணுவான். பக்கத்துக் கூடாரம் என்றால் ஆறு கிலோமீட்டர். பிள்ளைகள் இரண்டு பேர், மாகாண ஊரில் வேலை. ஆக அந்த ஊற்றோடு இருந்தது இவர்கள் இரண்டு பேரும், தேறி வந்த இருநூறு ஆடுகளும், பத்தொன்பது ஒட்டகங்களும், ஐந்து குதிரைகளும்.

அந்த ஊற்று இல்லையென்றால் இவர்கள் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இதைப் பற்றித்தான்.

ஊற்றுக்கு உடம்பு சரியில்லை என்பது தெஜித்துக்கு மூன்று வருஷமாகத் தெரியும். ஊற்றுக்கண்ணுக்கு நேராகப் பால் கேனை வைத்துவிட்டு நின்றால் முன்பெல்லாம் தலைமுண்டை அவிழ்த்துக் கட்டுவதற்குள் நிறைந்துவிடும். பிறகு கேனை வைத்துவிட்டு அடுப்புக்கு ஒரு கூடை காய்ந்த சாணம் பொறுக்கி வந்தால் சரியாக இருந்தது. பிறகு இரண்டு கூடை. கண்ணுக்குக் கீழே புல்தரை ஒரு கூப்பிடு தூரம் பச்சையாக ஓடும். அது வருஷத்துக்கு வருஷம் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. வெளுத்த இடத்தில் உவர் பூத்தது. லொச்சினும் பார்த்தான். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கூடாரத்துக்குள் மட்டும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

அந்த மூன்றாவது வருஷம் கோடையில்தான் தண்ணீர்க் கணக்கெடுப்புக்காரர்கள் வந்தார்கள். ஒரு பழைய ஜீப், ஓட்டுநர் ஒருவர், பத்சூரி என்று ஒரு இளைஞன். தலைநகரத்தில் படித்தவன், அடுக்குமாடியில் வளர்ந்தவன். தங்கமான பையன்தான், அதில் சந்தேகமில்லை. ஜீப்பை நிறுத்தினதும் நேராக ஊற்றுக்குப் போனான். ஒரு நாளில் ஒன்பது ஊற்று முடிக்க வேண்டுமாம். தெஜித் முதலில் டீ குடிக்கக் கூப்பிட்டாள். வேலையை முடித்துவிட்டு வருகிறேன் அக்கா என்றான். என்ன செய்வது, வந்தவனைப் பிடித்து இழுக்கவா முடியும். அவளும் தலைமுண்டைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே போய் ஊற்றுக்கண் பக்கத்தில் நின்றாள்.

பத்சூரி கையில் ஒரு அட்டை, அதில் காகிதம். எத்தனை குடும்பம் குடிக்கிறது, எத்தனை உருப்படி குடிக்கிறது, குளிர்காலத்தில் உறையுமா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தான். பிறகு கேட்டான்.

"தண்ணி போதுமாக்கா? குறைஞ்சிருக்கா, அப்படியே இருக்கா?"

ஊற்று காலடியில் முனகிக்கொண்டிருந்தது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இவர் பிழைப்பாரா என்று சத்தமாகக் கேட்ட மாதிரி இருந்தது தெஜித்துக்கு. இந்தப் பையனுக்கு யாருமே எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லையா என்று நினைத்தாள்.

"போதும் தம்பி. தாராளமா இருக்கு. பொங்கி வழியுது."

அவன் எழுதினான். கடைசியில் காகிதத்தை நீட்டினான். விருந்தாளி நீட்டின காகிதத்தை அவன் முகத்துக்கு நேராக வரி வரியாகப் படிப்பது மரியாதை இல்லையே. தெஜித் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அதன் பிறகு பையன் டீ குடிக்க வந்தான். வெண்ணெய், காய்ந்த தயிர்க்கட்டி எல்லாம் வைத்தாள். இரண்டாவது கிண்ணம் பாதியானது. தெஜித் அடுப்பைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். மூன்று வருஷமாகச் சுருங்குகிறது, கேன் நிறைய இரண்டு கூடை சாணம் பொறுக்கும் நேரம் ஆகிறது, புல்தரை பாதி போய்விட்டது, இது போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பத்சூரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அவன் முகம் வாடிப்போனது. "ரொம்பப் பாவமா இருக்குக்கா" என்றான். அட்டையும் காகிதமும் ஜீப்பில் முன்சீட்டில் கிடந்தன. நிஜத்தைச் சொல்லியாகிவிட்டது, கேட்கிறவன் கேட்டுக்கொண்டான் என்று தெஜித் நிம்மதியாக இருந்தாள். கையசைத்து வழியனுப்பினாள், வழி நல்லதாக இருக்கட்டும் என்று ஜீப் போன திசையில் ஒரு கரண்டி பால் தெளித்தாள்.

அடுத்த வருஷம் வசந்தத்தில் வடக்குச் சரிவில், ஊற்றிலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே, ஒரு கம்பெனி வந்து துளை போட்டது. மலைக்கல்லை உடைத்துக் கழுவி எதையோ எடுக்கிறார்களாம். கழுவத் தண்ணீர் வேண்டும். பம்பு பகலெல்லாம் ஓடியது. கம்பெனிக்காரர்களைப் பற்றிக் குறை சொல்ல எங்களில் பாதிப் பேருக்கு வாய் வராது. வட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தார்கள், கொம்போவின் மகனுக்கு லாரி ஓட்டும் வேலை கொடுத்தார்கள். லொச்சின் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் மேலே போய் அந்தத் துளையைப் பார்த்துவிட்டு வந்தான். என்ன பார்த்தீர்கள் என்று தெஜித் கேட்டாள். குப்பியை எடுத்தான், திறந்தான், இழுத்தான், மூடினான். "குழாய் என் தொடை அகலம்" என்றான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

கோடை நடுவில் கேன் நிறைய நாலு கூடை ஆனது.

தெஜித் வட்ட அலுவலகத்துக்குப் போனாள். எண்பது கிலோமீட்டர், வாயெல்லாம் புழுதி. வட்டத் தலைவர் அவிர்மெத் அவளோடு ஒன்றாகப் படித்தவர், பள்ளிக்கூட விடுதியில் ஒரே அடுப்பில் குளிர்காய்ந்தவர். மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, ஆடு மாடு சுகமா, கோடை நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். அவர் டீ வரவழைத்தார். அவர் எங்கள் ஆள், காத்திருக்கத் தெரிந்தவர். இரண்டாவது கிண்ணத்தில் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவிர்மெத் எழுந்து போய் ஒரு ஃபைலை எடுத்து வந்து பிரித்து, ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அது அவளுடைய கையெழுத்து. அதற்கு மேலே அவளுடைய வார்த்தை. போதும், தாராளமாக இருக்கிறது, பொங்கி வழிகிறது. பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள், உபரி நீர் உள்ளது என்று போட்டிருந்தது. அந்தச் சரிவில் இருக்கிற ஊற்றுகளில் உபரி உள்ளது என்று எழுதியிருந்தது இது ஒன்றுதான். அதனால்தான் துளைக்கு இந்த இடத்தைக் காட்டியிருந்தார்கள். மற்ற ஊற்றுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று தெஜித் கேட்டாள். மற்ற ஊற்றுகளில் பையன் போன நேரத்தில் ஆள் இல்லை, அவனே அளந்து எழுதிக்கொண்டான் என்றார் அவிர்மெத்.

"நான் டீ குடிக்கறப்ப சொன்னேனே. அந்தப் பையன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேனே."

"டீ குடிக்கறப்ப சொன்னது காகிதத்துல ஏறாது, தெஜித்."

"அப்ப வாசல்ல சொன்னது மட்டும் ஏறுமா? அதை யாராவது நிஜம்னு எடுத்துக்குவாங்களா? நீங்க எடுத்துக்குவீங்களா?"

"நான் எடுத்துக்க மாட்டேன்," என்றார் அவிர்மெத். "காகிதம் எடுத்துக்கும்."

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் கொடுமை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்தாலாவது மனசு ஆறும். பையன் கேட்டதை எழுதினான். கம்பெனி எழுதினதைப் படித்தது. தெஜித் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவிர்மெத் அன்றே மாகாணத்துக்குக் கடிதம் எழுதினார், அவள் கண் முன்னாலேயே முத்திரை குத்தினார். இரண்டு மாதம் பதில் இல்லை. அவர் இன்னொரு கடிதம் எழுதினார். பிள்ளைகள் மாகாண ஊரில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். தெஜித் தினமும் சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று போனைப் பார்த்தாள். ஊற்றுக்கண்ணில் மரியாதைக்காகக் கட்டியிருந்த பழைய நீலத் துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி கட்டினாள். கண்ணைச் சுற்றி விழுந்திருந்த கூழாங்கல்லை எல்லாம் பூனைக்குட்டியைத் தூக்குவது போலப் பதனமாக எடுத்தாள். போதும், நன்றாக இருக்கிறாய், அழகாக இருக்கிறாய் என்று தினமும் அதனிடம் சொன்னாள்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒரு வழியாக மாகாணத்திலிருந்து பரிசோதகர் வந்தார். நடுத்தர வயசுப் பெண், கண்ணாடி போட்டவர், கறாரானவர். அவிர்மெத் கூட வந்திருந்தார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று லொச்சினையும் கொம்போவையும் நிற்கச் சொன்னார்கள். தெஜித் இந்தத் தடவை உஷாராக இருந்தாள். காலையிலிருந்தே டீ கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் முதலில் உள்ளே வரவேண்டும், உட்கார்ந்து பேசலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

பரிசோதகர் வரவில்லை. வாக்குமூலம் நீர் இருக்கும் இடத்திலேயே, அளவு எடுத்த கையோடு, போனில் பதிவாக வேண்டும், அதுதான் விதி, வேறெங்கே சொன்னாலும் செல்லாது என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். போன தடவை டீ குடித்துக்கொண்டு சொன்னதால்தானே இத்தனை வினை என்று அவரே சொன்னார்.

ஆக எல்லோரும் ஊற்றுக்குப் போனார்கள். பரிசோதகர் கேனை வைத்து நேரம் பார்த்தார். பதினாறு நிமிஷம். பிறகு போனைத் தெஜித்தின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"தண்ணி எப்படி இருக்குன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்கம்மா."

தெஜித் ஊற்றைப் பார்த்தாள். கண் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது, குழந்தையின் உச்சந்தலை துடிப்பது போல மெல்ல. அவள் அம்மா முதல் டீக்கு முகந்தது அதில். அவள் கல்யாணத்துக்கு முகந்தது அதில். குளிர்காலத்தில் அதன் பனிக்கட்டியை வெட்டி உருக்கித்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். அவிர்மெத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இப்போது நல்ல பதில் சொன்னால் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். கெட்ட பதில் சொன்னால் அது இதன் காதில் விழும். கொஞ்சம் தள்ளிப் போய் முணுமுணுக்கலாமா என்று கேட்டாள். ஊற்று படத்தில் தெரிய வேண்டும் என்றார் பரிசோதகர்.

"போதல," என்றாள் தெஜித். "செத்துக்கிட்டிருக்கு."

கொம்போ, வாய் ஓயாத கொம்போ, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குதிரைப் பக்கம் நடந்துவிட்டான். லொச்சின் முழங்காலிட்டு, கைநிறைய நீர் அள்ளி ஊற்றுக்கண்ணைச் சுற்றியிருந்த கற்களை நனைத்தான், யாரையோ சமாதானப்படுத்துகிற மாதிரி. பரிசோதகர் பதிவைப் போட்டுப் பார்த்தார். குரல் தெளிவாக வந்திருக்கிறது என்று சொன்னார், தெஜித்தின் தோளைத் தட்டினார்.

பதினோராம் நாள் காலையில் தெஜித் கேனோடு போனபோது கண் துடிக்கவில்லை. ஈரம் இருந்தது. உட்கார்ந்து மத்தியானம் வரை பார்த்தாள். கூழாங்கல்லுக்கு நடுவில் தேங்கியிருந்ததில் வானம் தெரிந்தது, அது அசையவில்லை. சாயந்திரத்துக்குள் அதையும் ஒட்டகங்கள் உறிஞ்சிவிட்டன. அவள் லொச்சினைக் கூப்பிடவில்லை. அவனாகவே வந்து பார்த்துவிட்டுக் கூடாரத்தின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினான். தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரிகூட மந்தையை வைத்துக்கொள்ள முடியாதே.

மாகாணத்திலிருந்து உத்தரவு இருபது நாள் கழித்து வந்தது. ஊற்றின் நிலையைக் கருதி, வரும் ஆண்டு முதல் பம்பு நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவிர்மெத் அதை நேரில் கொண்டு வந்து கொடுத்தார். அவருக்கு டீ கொடுத்தார்கள். அவர் மூன்று கிண்ணம் குடித்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

அப்போது அவர்கள் இருந்தது நாற்பது கிலோமீட்டர் தெற்கே, ஆழ்கிணற்றுப் பக்கம். அங்கே ஒன்பது குடும்பம் முறை வைத்துத் தண்ணீர் இறைக்கிறது. புதிதாக வந்தவர்களுக்குக் கடைசி முறை. யாரும் இவர்களைத் துரத்தவில்லை. ரொட்டி கொடுத்தார்கள், கூடாரம் போடக் கை கொடுத்தார்கள். ஆனால் எங்கள் பள்ளத்தில் செய்தி குதிரையைவிட வேகமாகப் போகும். தெஜித் ஊற்றுக்கு முன்னால் நின்று அது சாகிறது என்று சொன்னாள், பதினோரு நாளில் அது செத்தது. இந்த இரண்டையும் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொன்னார்கள். முதல் வாரம் அவள் கிணற்றடிக்கு வாளியோடு போனபோது, அங்கே நின்ற ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "அக்கா, எங்க கிணத்தைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தெஜித்தும் சிரித்தாள். அதன் பிறகு அவள் கிணற்றடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள், லொச்சின்தான் இறைத்தான்.

அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பம்பு ஓடியது, அதனால் வற்றியது. பம்பு வருவதற்கு முன்னாலும் மூன்று வருஷமாக வற்றிக்கொண்டுதான் இருந்தது. பதினாறு நிமிஷம் என்றால் அது எப்படியும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும், அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் பதினோரு நாள். முதல் தடவை நல்லது சொல்லிக் கெடுத்தாள், இரண்டாவது தடவை கெட்டது சொல்லிக் கொன்றாள் என்று ஒரு குரல் பால் கறக்கும்போதும் மாவு பிசையும்போதும் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலுக்கு டீ கொடுத்து உட்கார வைத்து நிஜத்தைக் கேட்க வழியில்லை.

முதல் பனி விழுந்த வாரத்தில் ஒட்டகங்களைக் காணோம். பத்தொன்பதில் பதினொன்று. எங்கே போயிருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒட்டகம் பிறந்த தண்ணீரை மறக்காது. தெஜித்தும் லொச்சினும் இரண்டு குதிரையில் கிளம்பினார்கள். சரளை மேட்டைத் தாண்டும்போதே தெரிந்தது. வெளுத்த புல்தரையின் தலைமாட்டில் பதினொன்றும் நின்றன. தலையைக் கண்ணின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன. அவற்றில் மூத்த பெட்டை கூழாங்கல்லை முன்காலால் தள்ளித் தள்ளி, மூக்கை அந்தக் குழிக்குள் விட்டு மோந்து, எடுத்து, மறுபடி தள்ளிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படிச் செய்கிறதோ, கால் நகத்தோரம் ரத்தம் கண்டிருந்தது. புதுநீலத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

தெஜித் இறங்கி அதன் கழுத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை. ஒட்டகத்துக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது. அவள் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடாரத்தைப் பிரித்த நாளிலிருந்து கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று நெஞ்சுக்குள் வைத்திருந்ததை அங்கே கேட்டாள்.

"ஏங்க, நிஜத்தைச் சொல்லுங்க. நான் சொன்னதாலயா இது..."

"இல்ல," என்றான் லொச்சின். "உன்னால இல்ல."

அவள் கேட்டு முடிக்கவே இல்லை. அவன் கை மடிப்பக்கம் போகவே இல்லை, குப்பி மடியிலேயே இருந்தது. முப்பது வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் அவன் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை. வாசலில் கேட்கிறவர்களுக்குத்தான் அப்படி உடனே நல்ல பதில் வரும். தெஜித் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அதற்குள் திரும்பி ஒட்டகங்களை ஓட்டப் போய்விட்டான்.